ஆகாயத் தபால் – 9: சற்றே இடப்புறம் திரும்புங்கள்

ஆர்தர் கிளார்க் 1945-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்த நிலைத்த சுற்றுப்பாதையைப் பற்றிச் சென்ற இதழில் விஸ்தாரமாகப் பார்த்தோம். பூமத்திய ரேகைக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு இசைந்து சுற்றும் செயற்கைக்கோள், நமக்கு ஆகாயத்தில் ஒரே இடத்தில் நிற்பதாகவே தோன்றும். ஆகையினால்தான், மொட்டைமாடியில் டிஷ் பூட்ட வருகிற இளைஞர், கீழே இருப்பவர்கள் ‘படம் வந்துவிட்டது’ என்று கூவும் வரையில் அதை அங்குலம் அங்குலமாகத் திருப்பிப் பார்த்து, திருகாணியை ஒருமுறை முடுக்கிவிட்டுப் போனாரானால், புயற்காற்று அடித்தாலன்றி அதைத் தொட வேண்டிய அவசியமே நமக்கு நேர்வதில்லை.

கையிலுள்ள போனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஆப்பிள் நிறுவனம் 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தன்னுடைய ஐபோன் 14 வரிசைக்கு அளித்த அவசர உதவி வசதி, டவர் எட்டாத மலையிலும் வனாந்தரத்திலும் குளோபல்ஸ்டார் என்னும் கம்பெனியின் செயற்கைக்கோள்களை நாடுகிறது. அவையோ சுமார் 1,400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 24,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பவை. அடிவானத்தில் எழும் ஒரு கோள் சில நிமிஷங்களுக்குள் மறுபுறம் மறைந்துவிடும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் ஆன்டெனாவைக் கொண்டு, அற்ப சக்தியோடு, ஓடுகிற அந்தக் கோளை எட்டிப் பேசவேண்டுமானால், அது இருக்கும் திசையை ஏறக்குறையவாவது பார்த்து நிற்கவேண்டும். கோளோ கண்ணுக்குத் தெரியாது. நிற்பவரோ வழிதவறியவர், அல்லது அடிபட்டவர், பெரும்பாலும் பயந்தவர். அவருக்குத் திசை காட்டுவது எப்படி?

இதற்கு வேண்டிய ஞானம் யாவும் போனிடமே இருக்கிறது. தான் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் அது ஜிபிஎஸ் கொண்டு அறிகிறது; தன் முகம் எத்திசை நோக்கியிருக்கிறது என்பதை உள்ளே இருக்கும் காந்தமானியும் சுழற்சியறியும் கருவியும் சொல்கின்றன; எந்தக் கோள் எந்நேரத்தில் ஆகாயத்தின் எந்தப் பாகத்தில் இருக்கும் என்கிற கணிதம், ஒரு பஞ்சாங்கம்போல முன்கூட்டியே அதன் நினைவில் ஏற்றப்பட்டிருக்கிறது. இவ்வளவையும் கூட்டிக் கணக்கிட்ட பின்பு, அது மனிதரிடம் கேட்பது ஒன்றே ஒன்று: இடப்புறம் திரும்புங்கள், அல்லது வலப்புறம் திரும்புங்கள். பாகைக் கணக்கு கிடையாது. வடக்கு தெற்கு என்ற பேச்சும் கிடையாது. திரும்பத் திரும்பத் திரையிலுள்ள குறி நகர்ந்து, கோளோடு பொருந்தியதும் பச்சையாகிறது. இத்தனை சாஸ்திரத்தையும் மறைத்துவிட்டு இரண்டே சொற்களோடு நிறுத்திக்கொண்ட அந்த அடக்கத்தை நான் மிகவும் மெச்சுகிறேன். யந்திரம் செய்வோர் பலருக்குத் தாம் கற்றதையெல்லாம் காட்டாமல் இருக்க முடிவதில்லை.

டவர் கிடைக்காதபோது கையை உயரத் தூக்கிப் பிடிப்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன வழக்கம். இங்கே அது வீண் வேலை. போனைச் சாதாரணமாகக் கையில் பிடித்திருந்தாலே போதும். சட்டைப்பையிலோ மூட்டையிலோ போட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். தலைக்கு மேல் ஆகாயம் திறந்திருக்கவேண்டும் என்பதே முக்கியம். திறந்த வெளியில் ஒரு செய்தி போய்ச்சேரப் பதினைந்து விநாடி பிடிக்குமென்றால், மரங்களினடியில் ஒரு நிமிஷத்துக்கும் மேலாகலாம். அடர்ந்த காட்டிலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் போகாமலே நின்றுவிடவும் கூடும். ஆகையால் எழுதுவதைச் சுருக்கும்பொருட்டு, என்ன நேர்ந்தது, யாருக்கு அடிபட்டது என்பன போன்ற வினாக்களைப் போனே கேட்டு, விரலால் தொட்டு விடையளிக்கச் செய்து, இருப்பிடத்தையும் பாட்டரியின் நிலையையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறது.

அந்த வசதி வந்த சில வாரங்களுக்குள், 2022 டிசம்பர் முதல் தேதியன்று, அலாஸ்காவில் நூர்விக் என்னும் ஊரிலிருந்து காட்ஸெபியூவுக்குப் பனிவண்டியில் புறப்பட்ட ஒருவர் நடுவழியில் அகப்பட்டுக்கொண்டு, இவ்வாறே செய்தி அனுப்பி, தேடிச் சென்றவர்களால் மீட்கப்பட்டார். இதிலுள்ள விசேஷம் யாதெனில், வடக்கே 62 பாகைக்கு அப்பால் இது வேலை செய்யாமற் போகலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்க, அவ்விரண்டு ஊர்களும் ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருப்பவை.

கை முறிந்து கிடப்பவரிடம் ‘வலப்புறம் திரும்புங்கள்’ என்று சொல்வதில் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தச் சுமையை மனிதரின் தோளிலிருந்து எடுத்து ஆகாயத்தில் வைக்கும் முயற்சி தொடங்கியும்விட்டது. ஏஎஸ்டி கம்பெனி 2024 செப்டம்பரில் ஏவிய புளூபேர்ட் கோள்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 64 சதுர மீட்டர் பரப்புள்ள ஆன்டெனாவை விரிப்பவை; ஸ்டார்லிங்க் கோள்களைக் கொண்டு டி-மொபைல் 2025 ஜூலையில் அமெரிக்காவில் தொடங்கிய சேவைக்கும் போனை எத்திசையிலும் திருப்பவேண்டியதில்லை. காது பெரிதானால் மெல்லப் பேசினாலும் கேட்கும் அல்லவா? நம் நாட்டில் மீனவர்களுக்கென்று இஸ்ரோ ஆக்கிய அபாய அறிவிப்புக் கருவியும் அலையில் ஆடும் படகில் குறிபார்க்கச் சொல்வதில்லை. பொத்தானை அமுக்கினால் போதும்.

ஐபோனின் இந்த வசதி இந்தியாவில் இன்னும் திறக்கப்படவில்லை. துரையா, இரிடியம் வகைச் செயற்கைக்கோள் போன்களை அனுமதியின்றி இங்கே கொண்டுவருவது சட்டப்படி குற்றம் என்பதையும் வெளிநாட்டிலிருந்து வருவோர் நினைவில் வைக்கவேண்டும். அமெரிக்காவிலோ கனடாவிலோ பிள்ளைகள் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: போனின் அமைப்புகளில் அவசர உதவிப் பகுதியில் ஒரு ஒத்திகை வசதி உண்டு. அது மெய்யான கோளையே தேடிக் காட்டும். ஆனால் யாருக்கும் அழைப்புப் போகாது. மலையேறப் புறப்படுவதற்கு முன்னால் அதை ஒருமுறை செய்து பார்த்துவிடும்படி அவர்களுக்கு எழுதுங்கள்.