காத்திருந்த கண்கள் கண்டது என்ன?

எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்னும் அனுபவம் மனிதனுக்குப் புதியதன்று. மாதக்கணக்கில் சுவரொட்டிகளைப் பார்த்து மனக்கோட்டை கட்டிய இரசிகன், முதல் நாள் முதற்காட்சி முடிந்ததும் முகம் வாடி வெளியே வருவதை நம் அண்ணா சாலை மூன்று தலைமுறைகளாகக் கண்டு வருகிறது. இன்றைய இளைஞர் உலகில் அதே ஏமாற்றம் வேறோர் உருவத்தில் வந்து நிற்கிறது. பலர் ஒன்றுசேர்ந்து ஆடும் இணைய விளையாட்டு ஒன்று, ஆரவாரத்தோடு அறிவிக்கப்பட்டு, ஆவலோடு எதிர்பார்க்கப்பட்டு, வெளிவந்த அன்றே ஏமாற்றம் தரும்போது, பிள்ளைகள் உண்மையாகவே துயருறுகின்றனர்.

“விளையாட்டுத்தானே! இதற்கு ஏன் இத்தனை வருத்தம்?” என்று பெரியவர்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்கு விடை தேடாமல் பிள்ளைகளைக் கடிந்துகொள்வது நியாயமாகாது. விடை காண விரும்புவோர், 2021-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நம் நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று ஆராய வேண்டும்.

பூட்டிய மைதானங்கள்

2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, மைதானங்கள் வெறிச்சோடின. நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் பரந்த திடல்கள் உள்ளதை நாம் அறிவோம். 1920-ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் தொடங்கிய அக்கல்லூரி, நாடெங்கும் உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கித் தந்த பெருமைக்குரியது. அத்தகைய திடலுக்கு அருகில் வாழ்ந்த பிள்ளைகளுக்கும் அவ்வாண்டில் கிடைத்த ஆடுகளம் வீட்டுக் கூடமும் கைப்பேசியுமே.

அந்நாட்களில் இலட்சக்கணக்கான இளைஞர்களின் கைகளில் இருந்தது ‘பப்ஜி’ என்னும் விளையாட்டு. நூறு பேர் வானூர்தியிலிருந்து ஒரு தீவில் குதிப்பர். கிடைத்த ஆயுதங்களை எடுத்துக்கொண்டு ஒருவரோடொருவர் போரிடுவர். ஆடுகளத்தின் எல்லை நேரம் செல்லச் செல்லச் சுருங்கிக்கொண்டே வரும். இறுதிவரை எஞ்சி நிற்பவருக்கே வெற்றி. தனியாகவும் ஆடலாம், நால்வர் அணியாகவும் ஆடலாம். இந்த நால்வர் அணிதான் நாம் கவனிக்க வேண்டியது. ஆடும்போதே நால்வரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள முடியும். நந்தனத்தில் ஒருவன், சைதாப்பேட்டையில் ஒருவன், ஊரடங்கிற்கு முன்பே தூத்துக்குடிக்குச் சென்றுவிட்டவன் ஒருவன், திருச்சியிலிருக்கும் சிற்றப்பா மகன் ஒருவன் என நால்வர் மாலையில் கூடுவர். துப்பாக்கிச் சத்தத்திற்கு நடுவே, “உங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன சமையல்?” என்ற கேள்வியும் எழும்.

பெற்றோர்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் மட்டுமே கேட்டது. பிள்ளைகளுக்கோ நண்பனின் குரல் கேட்டது.

இரண்டே நாட்களில் ஓர் அறிவிப்பு

அவ்வாண்டு ஜூன் 15-ஆம் நாள் இரவு, இலடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் ஏற்பட்ட மோதலில் இந்திய வீரர் இருபதின்மர் உயிர் நீத்தனர். அவர்களுள் ஒருவர் நம் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த அவில்தார் பழநி. அதன்பின் சீனத் தொடர்புடைய செயலிகளை நடுவண் அரசு அடுத்தடுத்துத் தடைசெய்தது. செப்டம்பர் 2-ஆம் நாள் தடைசெய்யப்பட்ட 118 செயலிகளுள் பப்ஜியின் கைப்பேசி வடிவமும் இருந்தது.

இரண்டே நாட்களில், செப்டம்பர் 4-ஆம் நாள், இந்தி நடிகர் அக்ஷய் குமார் ஒரு புதிய விளையாட்டை அறிவித்தார். அதன் பெயர் ‘ஃபௌஜி’. இந்தியில் படைவீரன் என்று பொருள். பெங்களூரைச் சேர்ந்த என்கோர் கேம்ஸ் நிறுவனத்தின் படைப்பு. நிகர வருவாயில் 20 விழுக்காடு, உயிர் நீத்த வீரர்களின் குடும்பங்களுக்கு உதவும் ‘பாரத் கே வீர்’ அறக்கட்டளைக்கு அளிக்கப்படும் என்றும் கூறப்பட்டது. தற்சார்பு, நாட்டுப்பற்று, புகழ்மிக்க நடிகர், தடைசெய்யப்பட்ட விளையாட்டுக்கு ஏங்கி நிற்கும் இளைஞர் கூட்டம் ஆகிய நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தால் ஆரவாரத்திற்குக் குறைவேது? பப்ஜிக்கு மாற்று வந்துவிட்டது என்றே செய்தித்தாள்கள் எழுதின.

அக்டோபர் திங்களில் வரும் என்றனர். அத்திங்களில் விஜயதசமியையொட்டி வந்தது முன்னோட்டப் படம் மட்டுமே. நவம்பர் 30-ஆம் நாள் முன்பதிவு தொடங்கியது. ஒரே நாளில் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பெயர் பதிவு செய்தனர். இறுதியில் 2021 ஜனவரி 26, குடியரசு நாளன்று விளையாட்டு வெளிவந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னர்தான், ஜனவரி 19-ஆம் நாள், தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பிற்கும் பன்னிரண்டாம் வகுப்பிற்கும் பள்ளிகள் திறந்திருந்தன. மற்ற வகுப்புப் பிள்ளைகள் இன்னும் வீட்டில்தான் இருந்தனர்.

திறந்து பார்த்தபோது

கல்வான் பள்ளத்தாக்கில் தனியொரு வீரன். எதிரிகள் இருவர் மூவராக வருவர். கையாலும் தடியாலும் அவர்களை அடித்து வீழ்த்த வேண்டும். அடுத்து இன்னும் சிலர் வருவர். அவர்களையும் அவ்வாறே வீழ்த்த வேண்டும். இதுவே ஆட்டம். நண்பர்கள் அணியாகச் சேர்ந்து ஆடும் பகுதிகளின் பெயர்கள் திரையில் இருந்தன. அவற்றின்மேல் “விரைவில்” என்ற அறிவிப்பும் இருந்தது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையாயிற்று. வந்த புதிதில் நான்கிற்கும் மேலே இருந்த மதிப்பீடு, சில நாட்களிலேயே ஐந்துக்கு மூன்று என்னும் அளவிற்கு இறங்கிவிட்டது.

நாம் இங்கே நடுநிலை தவறலாகாது. முதற்கட்டம் கல்வான் கதையே என்று தயாரித்தோர் முன்னரே கூறியிருந்தனர். கல்வானில் துப்பாக்கிகள் வெடிக்கவில்லை என்பதால், ஆட்டத்திலும் கைகலப்பு அமைந்தது பொருத்தமே. பணமின்றியே இறக்கிக்கொள்ளக் கூடியதாகவும் அது இருந்தது. பப்ஜி போல இல்லை என்னும் ஒரே காரணத்திற்காக ஒற்றை நட்சத்திரம் அளித்தவர்களும் உண்டு.

எனினும், நூறு பேர் ஆடிய விளையாட்டு தடைசெய்யப்பட்ட இரண்டாம் நாள் ஓர் அறிவிப்பை வெளியிட்டால், கேட்பவர் எதை எண்ணிக்கொள்வர் என்பது அறிவிப்பவருக்குத் தெரியாதா? சொல்லாத வாக்குறுதியும் வாக்குறுதியே. இன்னொன்றும் எண்ணத்தக்கது. விளையாட்டு வெளிவருவதற்கு முந்தைய நாள்தான், மறைந்த பழநி அவர்களுக்கு வீர சக்ரா விருது அறிவிக்கப்பட்டது. உண்மையில் உயிர் துறந்தோரின் நினைவை முன்னிறுத்தி ஒரு பொருளை மக்களிடம் கொண்டு செல்வோருக்கு, அப்பொருளைச் செம்மையாகச் செய்து தரும் கடமை மற்றவர்களைவிட ஒரு பங்கு அதிகம் அன்றோ?

பிள்ளைகளின் ஏமாற்றத்திற்கு மூல காரணம் வேறு. அவர்கள் ஐந்து மாதங்களாகக் காத்திருந்தது ஒரு படைவீரனுக்காக அல்ல. கலைந்துபோன தங்கள் நால்வர் அணிக்காக. கிடைத்ததோ தனிமை. ஏற்கெனவே தனித்திருந்த பிள்ளைக்குத் தனியாக ஆடும் ஆட்டமே பரிசாக வந்தது.

சந்தித்தும் காணாத இருவர்

இது நம் நாட்டில் மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தின் கில்டுஃபோர்டு நகரில் ஹலோ கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம், ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்னும் விளையாட்டை 2013 டிசம்பரில் அறிவித்தது. எண்ணி முடியாத கோள்கள் நிறைந்த ஒரு பேரண்டம். அதில் ஒவ்வொருவரும் விண்கலத்தில் சுற்றிவரலாம். கோள்கள் மிகப் பல என்பதால் ஒருவர் மற்றவரைச் சந்திப்பது அரிது. ஆனால் சந்திக்க இயலும் என்று அதன் தலைவர் ஷான் மர்ரி பேட்டிகளில் கூறியிருந்தார்.

2016 ஆகஸ்டில் விளையாட்டு வெளிவந்தவுடனேயே ஆட்டக்காரர் இருவர் அதைச் சோதித்துப் பார்த்தனர். ஒரே கோளில், ஒரே இடத்தில் இருவரும் போய் நின்றனர். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை! பேரண்டம் இருந்தது; துணை மட்டும் இல்லை. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. விளம்பரத்தின்மீது பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்திற்குப் புகார்கள் சென்றன. ஆணையம் ஆராய்ந்து, அவ்விளம்பரம் விதிகளை மீறவில்லை என்று அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பளித்தது.

சட்டத்தின்படி தப்பிவிட்டோம் என்று அந்நிறுவனம் ஓய்ந்துவிடவில்லை என்பதே இதில் பாராட்டத்தக்கது. வீண் பேச்சை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினர். ஒன்றன்பின் ஒன்றாகப் பல திருத்தங்களைக் கட்டணமின்றி வழங்கினர். 2018 ஜூலையில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கண்டு, கூடி ஆடும் வசதி முழுமையாக வந்தது. ஏமாந்தோம் என்று தூற்றியவர்கள் பலர் திரும்பி வந்தனர். கொடுத்த வாக்கை இரண்டாண்டு கழித்தேனும் நிறைவேற்றியவர்களை உலகம் மன்னித்தது.

ஆரவாரம் ஏன்?

இத்தகைய விளையாட்டுகளுக்கு மட்டும் இவ்வளவு முரசறைதல் ஏன் என்று கேட்கலாம். சதுரங்கத்திற்கு இருவர் போதும். சடுகுடுவிற்கு இரண்டு அணிகள் வேண்டும். எதிரணி வராவிட்டால் ஆட்டமே இல்லை. நூறு பேர் ஆடும் இணைய விளையாட்டிற்கோ, எந்த நேரத்தில் ஒருவர் வந்து பொத்தானை அழுத்தினாலும், ஏறத்தாழ அவருடைய திறமையுள்ள மற்றத் தொண்ணூற்றொன்பது பேர் ஓரிரு நிமிடங்களில் கூட வேண்டும். அதற்கு இலட்சக்கணக்கானோர் முதல் நாளிலேயே வந்து சேர வேண்டும். எனவே கூட்டம் சேர்ப்பது இங்கே விற்பனைத் தந்திரம் மட்டுமன்று. கூட்டமே விளையாட்டின் உயிர்.

இதில்தான் இடரும் உள்ளது. கூட்டம் சேர ஆரவாரம் வேண்டும். ஆரவாரம் மிகுந்தால் எதிர்பார்ப்பு மிகும். எதிர்பார்ப்பு பொய்த்தால் கூட்டம் கலையும். கூட்டம் கலைந்தபின் நல்ல ஆட்டமும் ஆளில்லாத திடலாகும். சோனி நிறுவனம் 2024 ஆகஸ்ட் 23-ஆம் நாள் ‘கான்கார்டு’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. ஆட்கள் சேரவில்லை. செப்டம்பர் 6-ஆம் நாள், அதாவது இரண்டே வாரத்தில், அதை மூடிவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. பல்லாண்டு உழைப்பு பதினான்கு நாட்களில் முடிந்தது. அதை உருவாக்கிய கலைக்கூடமும் அவ்வாண்டே மூடப்பட்டது. ஆகவே ஏமாற்றம் ஆடுவோருக்கு மட்டுமன்று. இரவு பகலாய் உழைத்து அதை ஆக்கியோருக்கும் உண்டு என்பதைப் பிள்ளைகள் உணர்தல் நன்று.

ஃபௌஜியின் கதைக்கு வருவோம். அணியாக ஆடும் பகுதியின் சோதனை வடிவம் 2021 ஜூனில் வந்தது. ஆனால் அடுத்த திங்கள் 2-ஆம் நாளே, பப்ஜியின் இந்திய வடிவமான ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’வைக் கொரிய நிறுவனமான கிராஃப்டன் வெளியிட்டது. கலைந்த அணிகள் அங்கே கூடின. அதுவும் 2022 ஜூலையில் முடக்கப்பட்டு, 2023 மே திங்களில் மீண்டும் வந்தது. எந்த நிறுவனத்தின் வாசலையும் நம்பி நட்பை வைக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பெற்றோருக்குச் சில சொற்கள்

பிள்ளையின் ஏமாற்றத்தை முதலில் ஏளனம் செய்யாதீர்கள். “இதற்கா அழுகிறாய்?” என்ற ஒரு சொல், அவன் அடுத்த முறை பெரிய துயரம் ஒன்றைச் சொல்ல வரும்போது வாயடைத்துவிடும். மாறாக, “யாரோடு சேர்ந்து ஆடலாம் என்று நினைத்திருந்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டத்தின் பெயருக்குப் பதில் ஒரு நண்பனின் பெயர் வரும். அங்கேதான் நோயும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது.

இரண்டாவது, விளம்பரத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். முன்னோட்டப் படம் வேறு, ஆட்டம் வேறு. இன்று இருப்பது எது, “விரைவில்” என்று சொல்லப்படுவது எது என்று இரண்டு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். வெளிவந்து இரண்டு வாரம் கழித்து, ஆடியவர்களின் சொல் கேட்டு இறங்குபவன் எதையும் இழப்பதில்லை. ஆட்டத்திற்குக் கட்டணமில்லை என்றாலும், உள்ளே சென்றபின் உடைக்கும் ஆயுதத்திற்கும் காசு கேட்கப்படும் என்பதையும் சொல்லி வையுங்கள். தவறான வழியில் இட்டுச் செல்லும் விளம்பரங்களுக்கு எதிராக முறையிட 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது என்பதும் வளர்ந்த பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய செய்தியே.

மூன்றாவது, குறை கூறுவதிலும் நேர்மை வேண்டும். ஆடிப் பார்க்காமல் ஒற்றை நட்சத்திரம் இடுவது பொய்ச்சாட்சிக்கு ஒப்பாகும். இன்னது நன்று, இன்னது குறை என்று எழுதுபவன் தயாரித்தவருக்கும் உதவுகிறான். பின்னால் வருபவருக்கும் உதவுகிறான்.

இறுதியாக, நேரம் வரையறுங்கள். ஆனால் நட்பை வரையறுக்காதீர்கள். கைப்பேசியைப் பறித்துக்கொண்டால் மட்டும் போதாது. பறித்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதே கேள்வி. மாதம் ஒருமுறையேனும் அந்த நால்வரையும் வீட்டிற்கு அழையுங்கள். கேரம் பலகையை எடுத்துத் துடைத்து வையுங்கள். ஒரு தட்டில் சுண்டலோ பஜ்ஜியோ போதும். வெளியூரில் இருப்பவனோடு அவர்கள் கைப்பேசியில் ஆடுவதாயின் ஆடட்டும். ஒரு மணி நேரம் நீங்களும் அருகில் அமர்ந்து, யார் யார் குரல் கேட்கிறது என்று கவனியுங்கள்.

விளையாட்டுகள் வரும், போகும்; சில பெருமை பெறும், சில பதினான்கு நாட்களில் மறையும். நம் பிள்ளைகள் தேடுவது தோளோடு தோள் நிற்கும் துணையை. அதை “விரைவில்” என்று சொல்லித் தள்ளிப்போடும் உரிமை நிறுவனங்களுக்கு இருக்கலாம். பெற்றோராகிய நமக்கு இல்லை.