வேர் சிகிச்சை: உறை போடும் வரை

பல்லின் கடினமான பகுதிக்குள் நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழ் உள்ளது. சொத்தை அதுவரை சென்றுவிட்டால் சொத்தையை அடைப்பது மட்டும் போதாது. பல்லைப் பிடுங்காமல் காக்கும் வழியே ‘ரூட் கேனால்’ எனப்படும் வேர் சிகிச்சை.

முதலில் எக்ஸ்ரே எடுத்து வேரின் நிலையை அறிவர். ஊசி போட்டு அவ்விடத்தை மரத்துப்போகச் செய்தபின், பல்லில் துளையிட்டுப் பழுதுற்ற கூழை அகற்றுவர். வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து, ரப்பர் போன்ற ஒரு பொருளால் அடைப்பர். முன்பல்லில் பெரும்பாலும் 1 குழாய். கடைவாய்ப் பல்லில் 3 அல்லது 4. எனவே செல்லவேண்டிய முறைகளும் கட்டணமும் பல்லுக்குப் பல் வேறுபடும்.

சிகிச்சைக்குப்பின் சில நாள்கள் கடிக்கும்போது லேசான வலி இருப்பது இயல்பே. வீக்கமோ காய்ச்சலோ கண்டால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

வலி நின்றதும் பலர் தற்காலிக அடைப்போடு நிறுத்திவிடுகின்றனர். அவ்வடைப்பு தேய்ந்தால் கிருமிகள் மீண்டும் உட்புகும். உறை போடாத கடைவாய்ப் பல் மெல்லும் அழுத்தத்தில் பிளந்துவிடவும் கூடும். வேர்வரை பிளந்த பல்லைப் பெரும்பாலும் பிடுங்கவே நேரிடும். அதுவரை செலவிட்ட பணமும் வீணாகும்.

ஆகவே, தொடங்குமுன்னரே உறை உள்ளிட்ட மொத்தச் செலவையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். புறநோயாளியாகச் செய்துகொள்ளும் பல் சிகிச்சைக்குப் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் பணம் தருவதில்லை. உங்கள் பாலிசி விதிகளை முன்கூட்டியே படித்துப் பாருங்கள். செலவு தாங்காதெனில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். உறைக்கான தொகையையும் ஒதுக்கிவைத்த பின்னரே சிகிச்சையைத் தொடங்குவது நலம்.