கோத்திரமும் குடியும்

திருக்கோணமலைக் கோணேசர் கோயிலிலே, அருச்சனைத் தட்டோடு எம் அருகில் நின்ற மாணவன் ஒருவனைக் குருக்கள், "கோத்திரம் என்ன, தம்பி?" என்று வினவினார். பையன் விழித்தான். குருக்களே, "சிவகோத்திரம்" என்று சொல்லிச் சங்கற்பத்தை முடித்தார். வெளியே வந்ததும் அவன், "கோத்திரம் இல்லையென்றால் நாங்கள் அடி தெரியாதவர்களா, சேர்?" என்று கேட்டான்.

இரு சொற்களை ஒன்றெனக் கொள்வதால் எழும் துயரம் இது.

கோத்திரம் என்பது வடசொல். அதன் பழம்பொருள் பசுத்தொழுவம். பின்னர், காசியபர், பரத்துவாசர் போன்ற முனிவர் ஒருவரை முதல்வராகக் கொண்டு தந்தைவழியே தொடரும் மரபுக்கு அது பெயராயிற்று. ஒரே கோத்திரத்தார் தம்முள் மணம் கொள்வதில்லை. மணமான பெண் கணவனுடைய கோத்திரத்தைச் சேர்கிறாள்.

குடி என்பதோ தமிழ்ச்சொல். குடிசை, குடியிருப்பு, குடியேற்றம் என்பவை அதன் உறவுச் சொற்கள். ஓரிடத்தில் நிலைத்து வாழ்தலே அதன் உயிர். கீழ்மாகாணத்தில், சிறப்பாக மட்டக்களப்புப் பகுதியிலே, குடி தாய்வழி வருவது. பிள்ளை தாயின் குடியைச் சேரும்; மணத்தால் பெண்ணின் குடி மாறாது. ஒரே குடிக்குள் மணம் கொள்ளாமையே மரபு. கோயில் வண்ணக்கர்களைக் குடிவழியே தெரிவதும் அங்கு உண்டு. அப்பகுதி முஸ்லிம் மக்களிடையிலும் தாய்வழிக் குடிகள் உள்ளன என்பதை நம் மாணவர் அறிதல் நன்று.

எனவே, கோத்திரம் 'எந்த முனிவரின் வழி?' என்று கேட்கிறது. குடி 'எந்தத் தாயின் வழி, எந்த மண்ணில்?' என்று கேட்கிறது. முதற் கேள்விக்கு விடை இல்லாதவர்க்கு இரண்டாவதற்கும் விடை இல்லை என்பது பிழை.

நம் ஊரின் 'கோணேசர் கல்வெட்டு' என்னும் நூலை நோக்குக. குளக்கோட்டன் வெளியூர்களிலிருந்து குடிகளை அழைத்துவந்து குடியேற்றி, கோயிலுக்குரிய தொழும்புகளைப் பகிர்ந்தளித்தான் என்பது அது கூறும் மரபு. 17ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர். கோயில் வீழ்ந்த பின்னும் தொழும்பின் நினைவு மக்களிடையே அழிந்துவிடவில்லை.

இடம்பெயர்ந்தோர்க்குக் குடி ஏது என்று சிலர் கேட்கலாம். அம்மாணவனின் குடும்பம், துறைமுகத்திற்குத் தெற்கே கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள சம்பூரைச் சேர்ந்தது. 2006இல் போர் அவ்வூரையே வெறுமையாக்கிற்று. பல குடும்பங்கள் 2015க்குப் பின்னரே திரும்பின. நாம் அவனிடம், "அம்மம்மாவைக் கேட்டு எழுதி வா" என்றோம்.

மறுவாரம் இரண்டு பக்கங்கள் எழுதிவந்தான். எந்தக் கிணற்றடியில் வீடு இருந்தது, ஊர்க்கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த முறை எவருடையது, எந்த மாதத்தில் ஊரை விட்டனர், திரும்பியதும் முதலில் எதை நட்டனர் என்பன யாவும் அதில் இருந்தன.

வள்ளுவர் 'குடிமை' என்று ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, 'குடிசெயல்வகை' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். குடி பிறப்பால் வருவது மட்டுமன்று, முயன்று உயர்த்தப்படுவதுமாகும். அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஓர் அம்மம்மா இருப்பார். அவர் சொல்வதை இன்றே எழுதி வையுங்கள்.