லிஸ்பனில் கொடுத்த வாக்கு

பயங்கரவாதிகளை விசாரிக்க உலகப் பொது நீதிமன்றம் கிடையாது. உள்ளூர் கோர்ட்டுகள்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். அதற்குத் தரவேண்டிய விலை என்ன என்பதற்கு அபு சலேம் வழக்கு ஒரு பாடம்.

1993 மார்ச் 12, வெள்ளிக்கிழமை. பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பம்பாய்ப் பங்குச் சந்தைக் கட்டிடத்தில் குண்டு வெடித்தது. அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஏர் இந்தியா கட்டிடம், ஜவேரி பஜார், தாதர் என்று நகரம் முழுவதும் வெடிச் சத்தம். 257 பேர் இறந்தார்கள். 713 பேர் காயமடைந்தார்கள். குஜராத்திலிருந்து ஆயுதங்களைக் கொண்டுவந்து சேர்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட அபு சலேம் வெளிநாட்டுக்குத் தப்பிவிட்டார். 2002 செப்டம்பரில் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் பிடிபட்டார்.

பிடிபட்டாரே தவிர, இந்தியாவின் கைக்கு எட்டவில்லை. அப்போது இரு நாடுகளுக்கும் இடையே குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தமே இல்லை. சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகவும் வழியில்லை. 1998இல் ரோம் நகரில் உருவான சர்வதேச குற்றவியல் நீதிமன்றச் சட்டத்தில் இனப்படுகொலைக்கும் போர்க்குற்றத்துக்கும் இடம் உண்டு. பயங்கரவாதத்துக்குத் தனிக் குற்றமாக இடம் இல்லை. அந்தச் சட்டத்தில் இந்தியா சேரவும் இல்லை. பயங்கரவாதத்துக்கு எதிராக ஒரு விரிவான ஒப்பந்தம் வேண்டும் என்று 1996இல் இந்தியா ஐ.நா.வில் முன்வைத்த யோசனையும், பயங்கரவாதம் என்றால் என்ன என்ற சச்சரவிலேயே சிக்கிக்கொண்டது.

கைகொடுத்தது வேறொன்று. பயங்கரவாதக் குண்டுவெடிப்புகளைத் தடுப்பதற்காக 1997இல் ஐ.நா. ஏற்ற ஒப்பந்தம் அது. அதன் சாரம் எளிமையானது: குற்றம் சாட்டப்பட்டவர் உன் மண்ணில் இருந்தால், கேட்கும் நாட்டிடம் ஒப்படை, இல்லையேல் நீயே வழக்கு நடத்து. அரசியல் குற்றம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. இரு நாடுகளுக்கிடையே தனி ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் இதையே அடிப்படையாகக் கொள்ளலாம். இந்தியா, போர்ச்சுகல் இரண்டுமே இதில் சேர்ந்திருந்தன. 2002 டிசம்பரில் இந்திய அரசு தன் 1962ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டம் போர்ச்சுகலுக்கும் பொருந்தும் என்று அறிவிக்கை வெளியிட்டது.

அடுத்த தடை தண்டனை. போர்ச்சுகலில் சாதாரணக் குற்றங்களுக்கான மரண தண்டனை 1867இலும், ஆயுள் தண்டனை 1884இலும் ஒழிந்துபோயின. அங்கே உச்சபட்சம் 25 ஆண்டுச் சிறைதான். மரண தண்டனை விதிக்கக்கூடிய நாட்டுக்கு ஆளை அனுப்ப அந்த நாட்டுச் சட்டம் இடம் தராது. எனவே 2002 டிசம்பர் 17 அன்று அப்போதைய துணைப் பிரதமர் எல்.கே.அத்வானி எழுத்துமூலம் உறுதி கொடுத்தார்: சலேமுக்குத் தூக்கும் இல்லை, 25 ஆண்டுகளுக்கு மேல் சிறையும் இல்லை. போர்ச்சுகல் கோர்ட்டுகள் இதை ஏற்ற பிறகு, 2005 நவம்பரில் சலேம் இந்தியா வந்து சேர்ந்தார்.

வம்பு அத்தோடு முடியவில்லை. எந்தக் குற்றங்களுக்காக ஒருவர் ஒப்படைக்கப்பட்டாரோ அவற்றுக்காக மட்டுமே அவரை விசாரிக்கலாம் என்பது விதி. இங்கே கூடுதல் குற்றச்சாட்டுகள் சேர்க்கப்பட்டதாக சலேம் லிஸ்பன் கோர்ட்டில் முறையிட்டார். 2011இல் அந்த கோர்ட் ஒப்படைப்பையே ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு இந்திய கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது என்று சுப்ரீம் கோர்ட் 2013இல் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில், கூடுதல் குற்றச்சாட்டுகளில் சிலவற்றை வாபஸ் பெற சி.பி.ஐ.க்கு அனுமதியும் கொடுத்தது. தலைவணங்கவும் இல்லை, வாக்கை மீறவும் இல்லை.

2017 செப்டம்பரில் மும்பை தடா கோர்ட் சலேமுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவருடன் தண்டிக்கப்பட்ட இருவருக்குத் தூக்கு. ஆயுள் என்றால் சாகும்வரையா, 25 ஆண்டா என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அரசு கொடுத்த வாக்கு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று சி.பி.ஐ. வாதிட்டது. மத்திய உள்துறைச் செயலாளர் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரமோ, அரசு தன் வாக்குக்குக் கட்டுப்பட்டது, ஆனால் அதற்கான காலம் இன்னும் வரவில்லை என்றது.

2022 ஜூலை 11 அன்று நீதிபதிகள் எஸ்.கே.கவுல், எம்.எம்.சுந்தரேஷ் தீர்ப்பளித்தார்கள். தண்டனை விதிப்பது நீதிமன்றத்தின் உரிமை. அதை அமைச்சரின் கடிதம் குறுக்க முடியாது. ஆனால் வாக்குக் கொடுத்த அரசு அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும். 25 ஆண்டுகள் முடிந்ததும் அரசியல் சட்டத்தின் 72ஆவது பிரிவின்படி ஜனாதிபதிக்கு ஆலோசனை சொல்லி அவரை விடுவிக்க வேண்டும். போலி பாஸ்போர்ட் வழக்கில் போர்ச்சுகலில் அனுபவித்த சிறைவாசம் இந்தக் கணக்கில் சேராது. கணக்கு 2005 அக்டோபர் 12இல் தொடங்குகிறது, முடிவது 2030இல்.

257 உயிர்களுக்கு 25 ஆண்டுதானா என்று, இழந்தவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சாட்சி சொன்னவர்களும் புலனாய்வு செய்தவர்களும் கேட்கலாம். ஆனால் அந்த வாக்கு இல்லாமல் சலேம் இந்தியக் கூண்டில் ஏறியிருக்கவே மாட்டார். 1993 சதியில் அவருடைய பங்கு இங்கே சாட்சியங்களோடு நிரூபணமாகியும் இருக்காது.

வாக்கை மீறினால் நஷ்டம் இந்த ஒரு வழக்கோடு நிற்காது. 166 பேரைப் பலிகொண்ட 2008 மும்பைத் தாக்குதல் வழக்கில் தஹாவூர் ராணா 2025 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து ஒப்படைக்கப்பட்டார். அதற்கு முன் அமெரிக்க கோர்ட்டுகளில் ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டியிருந்தது. இந்தியா தேடும் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு வெளிநாட்டு நீதிபதியின் முன் நின்று, இந்தியாவின் வாக்கை நம்பாதீர்கள் என்றுதான் வாதாடுவார். அதற்கு டெல்லி தரக்கூடிய பதில், 2030இல் ஜனாதிபதி மாளிகைக்குப் போகவேண்டிய கோப்பில் இருக்கிறது.