சுவிட்ச் போட்ட முதல் ஐந்து நிமிடம்

எட்டு வருடமாக வீட்டில் இருக்கும் கணினி மந்தமாகிவிட்டால் அதற்கு வயதாகிவிட்டது என்கிறோம். ஆனால் அதன் ப்ராசஸர் அப்படித் தேய்வதில்லை. தூசி அடைத்துச் சூடேறாதவரை, வாங்கிய அன்று நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ அத்தனையை இன்றும் போடும். கூடியிருப்பது அதன் தலையில் ஏற்றியிருக்கும் வேலை. அதில் பெரும்பகுதி நாம் கேட்காமலே வந்து சேர்ந்தது.

பிரின்டர் வாங்கினால், மை எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒரு துணை நிரல் கூடவே வருகிறது. வீடியோ அழைப்புக்கு ஒன்று, பாட்டு கேட்க ஒன்று, கிளவுடில் கோப்புகளைச் சேர்க்க ஒன்று. இவற்றில் பல, விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' என்ற பகுதியில் தம் பெயரைப் பதிந்துவிடுகின்றன. நாம் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே நுழைந்ததும், அந்தப் பட்டியலில் உள்ள அத்தனையையும் விண்டோஸ் எழுப்பிவிடுகிறது. திரை வந்த பிறகும் எதைத் தொட்டாலும் வட்டம் சுற்றிக்கொண்டிருப்பது இதனால்தான்.

பழைய கணினியில் இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு ஹார்டு டிஸ்கைப் பார்க்க வேண்டும். அதன் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. வேண்டிய இடம், தரவைப் படிக்கும் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஊசி சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு 9 மில்லிநொடி அளவு பிடிக்கும். ஆக, ஒரு தாவலுக்கு ஏறக்குறைய 13 மில்லிநொடி. நொடிக்கு 80 தாவல்கூடத் தேறாது. ஒரே பெரிய கோப்பை வரிசையாகப் படித்தால் நொடிக்கு 100 எம்.பி.க்கு மேல் தரக்கூடிய அதே டிஸ்க், 4 கே.பி. துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கும்போது நொடிக்கு 300 கே.பி. அளவுக்கு விழுந்துவிடுகிறது. மளிகைக் கடையில் இருப்பது ஒரே பையன். பத்துப் பேர் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு மூலையில் இருக்கும் சாமானைக் கேட்டால் என்ன ஆகும்? அதுதான் உள்ளே நடக்கிறது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் தட்டின் வேகம் 5,400தான் என்பதால், அவற்றின் பாடு இன்னும் மோசம்.

ராம் 4 ஜி.பி. மட்டும் என்றால் சிக்கல் இரட்டிப்பாகிறது. எழுந்த நிரல்கள் நினைவகத்தை நிரப்பியதும், இடம் போதாமல் விண்டோஸ் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதிவைக்கிறது. அதுவும் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் அதே டிஸ்க்.

இதற்குக் காசு செலவில்லாத மருந்து உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 8 முதல் அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதி இருக்கிறது. ஒவ்வொரு நிரலும் தொடக்கத்தில் எவ்வளவு பாரம் தருகிறது என்றும் அங்கே எழுதியிருக்கும். ப்ராசஸரை ஒரு நொடிக்கு மேல் பிடித்துக்கொண்டாலோ, டிஸ்கில் 3 எம்.பி.க்கு மேல் படித்து எழுதினாலோ அதற்கு 'ஹை' முத்திரை. முதலில் கைவைக்க வேண்டியவை இவையே. வலது கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுத்தால் போதும். நிரல் அழிந்துவிடாது; நீங்கள் திறக்கும்போது வழக்கம்போல வேலை செய்யும்.

ஆன்டிவைரஸ், டச்பேட், ஒலி தொடர்பானவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். கிளவுட் நிரலை நிறுத்தினால், நீங்களாகத் திறக்கும்வரை கோப்புகள் மேலேறாது என்பதை நினைவில் வையுங்கள். பெயரே புரியாமல், தயாரிப்பாளர் விவரமும் இல்லாமல் ஒன்று இருந்தால் வைரஸ் சோதனை நடத்துவது நல்லது. தீய நிரல்கள் ஒளிந்துகொள்ள விரும்பும் இடங்களில் இந்தத் தொடக்கப் பட்டியலும் ஒன்று. இன்னும் ஆழமாகத் துருவ, மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய 'ஆட்டோரன்ஸ்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதில் கண்ணில் படுவதையெல்லாம் நிறுத்தினால் கணினியே கிளம்பாமல் போகலாம், நிதானம் தேவை.

இப்படிச் செய்தால் பழைய ப்ராசஸர் புதியதாகிவிடாது. பெரிய படத்தொகுப்பு வேலைக்கு அது எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய அதேதான். குறைவது காலையில் காத்திருக்கும் நேரம். கூடுவது பிரவுசருக்குக் கிடைக்கும் நினைவகம். படிக்கவும் எழுதவும் ஒரு கணினி போதும் என்றிருக்கும் வீட்டில், புதிதாக ஒன்றை வாங்குவதற்கு முன் இதைச் செய்துபார்த்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகும் கையில் கொஞ்சம் காசு இருந்தால் எஸ்.எஸ்.டி. மாட்டுங்கள். அதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் ஊசியும் இல்லை.