ஆற்றை நோக்கி அமர்ந்த புத்தர்

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் மின், தாதூ, சிங்யி ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்துள்ளது லெஷான் நகரம். முற்காலத்தில் இங்குச் சுழித்தோடிய வெள்ளத்தில் படகுகள் பல கவிழ்ந்தன. உயிரிழப்புகளைக் கண்டு வருந்திய ஹைதோங் என்னும் துறவி, ஆற்றின் சீற்றம் தணிய வேண்டி, கி.பி. 713இல் கரையோரச் செம்மணற்பாறையில் மைத்திரேய புத்தரின் உருவைச் செதுக்கத் தொடங்கினார். திரட்டிய பொருளைக் கேட்டு வற்புறுத்திய அதிகாரியிடம் அதனை ஒப்படைக்க மறுத்துத் தம் கண்ணையே அவர் பெயர்த்துக் கொடுத்தார் என்பது மரபுவழிக் கதை. சிலை முற்றுப்பெறுமுன்னரே அவர் மறைந்தார். பின்வந்தோர் பணியைத் தொடர, 90 ஆண்டுகள் கழித்து 803இல் அது நிறைவுற்றது.

அமர்ந்த கோலத்திலுள்ள இச்சிலையின் உயரம் 71 மீட்டர். வழிகாட்டியுடன் செல்லும் பயணியர் முதலில் குன்றின் உச்சியில் புத்தரின் தலையருகே நிற்பர். பின்னர்ப் பாறையில் வெட்டப்பட்ட செங்குத்தான படிகளில் இறங்கிப் பாதங்களை அடைவர். அண்ணாந்து நோக்குவோர் கண்ணுக்குப் புலப்படாத நுட்பம் ஒன்று சிலையில் உண்டு. மணற்பாறை நீரால் எளிதில் அரிக்கப்படும். எனவே, தலைமுடிச் சுருள்களுக்கிடையிலும் காதுகளின் பின்னும் ஆடை மடிப்புகளிலும் மழைநீர் வடியக் கால்கள் அமைத்துள்ளனர் அக்காலச் சிற்பியர்.

1996இல் எமெய் மலையுடன் இணைத்து உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ இதனை அறிவித்தது. எனினும், நீர்க்கசிவும் பாசியும் பாறையை இன்றும் அரிக்கின்றன. 2020ஆம் ஆண்டு வெள்ளம் புத்தரின் கால்விரல்களைத் தொட்டது. செதுக்கும் பணி 90 ஆண்டுகளில் முடிந்தது. காக்கும் பணியோ ஒவ்வொரு தலைமுறைக்கும் உரியதாகத் தொடர்கிறது.