நகல்தானே என்று நினைத்தீர்களா?

சுவரில் மாட்டும் அச்சுப் பிரதி என்றாலே அசலுக்கு ஏழைத் தம்பி என்றுதானே நினைப்பு? அப்படியானால் முதலில் இதைக் கேளுங்கள். வரையாத ஓவியங்களுக்கே நகல் போட்டுப் புத்தகம் வெளியிட்டார் ஓர் ஓவியர், தெரியுமா? பிரான்ஸின் ஈவ் கிளைன்! 1954-இல், மாட்ரிட்டில். ஏட்டுக்கு ஏடு ஒரே நிறத்தில் ஒரு கட்டம். கூடவே ஊர், அளவு எல்லாம் வெகு பொறுப்பாக. ஒட்டியிருந்ததோ சாதாரண வண்ணக் காகிதம். முன்னுரை? எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. வரிக்கு வரி கறுப்புக் கோடுதான்!

அதே கிளைன் பின்னாளில் உருவாக்கிய அடர்நீலம் இன்றைக்கும் அச்சுக்காரர்களுக்குத் தலைவலி. அச்சு மைகளான சியானையும் மெஜந்தாவையும் எப்படிக் கலந்தாலும் அந்த நீலம் பிடிபடாது.

ஓவியப் பிரதிகளை ‘ஜிக்லே’ என்று பிரெஞ்சில் பேர் வைத்து விற்கிறார்களே, அது இங்க்ஜெட் அச்சுதான் தெரியுமா? பீய்ச்சுவது என்று பொருள். 1991-இல் ஜாக் டுகான் என்ற அச்சுக் கலைஞர் சூட்டிய பெயர். இதன் பிறப்பிடம் ஒரு ராக் பாடகரின் அச்சுக்கூடம்! கிரஹாம் நாஷ் 1,26,000 டாலருக்கு ஐரிஸ் என்ற இங்க்ஜெட் அச்சு இயந்திரம் வாங்கினார். தடித்த காகிதம் உள்ளே போகவில்லை. உடனே அதன் ஒரு பாகத்தையே ரம்பத்தால் அறுத்தார்கள். வாரன்டி போயே போச்சு!

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டு அறைக்கென ஐந்து பெரிய ஓவியங்கள் தந்தார். 1964-இல் மாட்டினார்கள். ஜன்னல் திரையை மூடி வையுங்கள் என்றால் யார் கேட்டார்கள்? வெளியே ஆற்றுக் காட்சி அவ்வளவு அழகு! ராத்கோ கலந்திருந்த லித்தால் சிவப்பு என்ற நிறமியோ வெயில் பட்டால் வெளுத்துவிடும். கருஞ்சிவப்பு நீலம் பாரித்து, 1979-இல் ஓவியங்கள் கிடங்குக்குப் போயின. மேலே வண்ணம் பூசினால் ராத்கோ போய்விடுவார். என்ன செய்தார்கள் தெரியுமா? 1964-இல் எடுத்த வண்ணப் படங்களைத் தேடினார்கள். அவையும் மங்கியிருந்தன! அவற்றைக் கணினியில் தேற்றி, மாட்டாமல் சுருட்டி வைத்திருந்த ஆறாவது ஓவியத்தோடு ஒப்பிட்டு, எந்தப் புள்ளியில் எந்த நிறம் எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்டார்கள். 2014 கண்காட்சியில் குறைந்த நிறத்தை மட்டும் புரொஜெக்டர் வெளிச்சமாக ஓவியத்தின்மேல் பாய்ச்சினார்கள். தூரிகை தொடவே இல்லை! மாலை நான்கு மணிக்கு விளக்குகளை அணைப்பார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராத்கோ வெளுத்துப்போவார். அதைப் பார்க்கவே கூட்டம் காத்திருந்ததாம்.

கடைசியாக, ஓவியர் மோந்த்ரியான். வண்ண நாடாக்களை ஒட்டி 1941-இல் அவர் செய்த ‘நியூயார்க் சிட்டி 1’, 1945 முதல் தலைகீழாகவே தொங்குகிறது! 2022-இல்தான் இது ஊருக்குத் தெரிந்தது. காட்டிக்கொடுத்தது எது? 1944-இல் ஒரு பத்திரிகையில் அச்சான, அவருடைய ஓவியக்கூடத்தின் புகைப்படம். அதில் நெருக்கமான கோடுகள் மேலே இருக்கின்றன, அருங்காட்சியகத்திலோ கீழே. சரி, திருப்பிவிட வேண்டியதுதானே? முடியாது! நாடாக்கள் எண்பது வயதுக் கிழவிகள். திருப்பினால் கழன்று விழுந்துவிடலாம். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் அருங்காட்சியகத்தில் அது அப்படியேதான் தொங்குகிறது.

உங்கள் வீட்டுச் சுவரில் அதன் பிரதி இருக்கிறதா? ஒரே ஓர் ஆணிதான். கழற்றித் திருப்பி மாட்டுங்கள்.